தெப்பக்குளப் படிக்கட்டும் 20 துணிக்கீற்றும்: ஒரு முதல் ஒட்டுப்போர்வையின் நிகழ்வு ஆய்வு

இரண்டு கணக்குகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தைக்கத் தொடங்கிய முதல் ஒட்டுப்போர்வைக்கு 2,840 ரூபாய் செலவானது. அது பாதியில் நின்றது, இன்றும் பீரோவின் அடித்தட்டில்தான் இருக்கிறது. இரண்டாவதற்கு 265 ரூபாய் ஆனது. அது இப்போது திருநெல்வேலியில் என் நாத்தனார் வீட்டுக் கூடத்தில் விரிந்திருக்கிறது. அதன்மேல் கவிழப் பழகிய அவள் மகள் இப்போது தவழ்கிறாள். தைத்தது ஒரே ஆள். மிஷினும் ஒன்றுதான், மதுரையில் எங்கள் வீட்டில் அத்தையின் கல்யாணத்துக்கு வந்த பழைய கால்மிஷின். இடையில் என்ன மாறியது என்பதை ஒன்றுவிடாமல் எழுதிவைக்க விரும்புகிறேன், ஏனென்றால் கையில் அதிகப் பணமில்லாமல் இந்த வேலையில் இறங்க நினைக்கும் பெண்கள் பலர் நான் தடுக்கிய அதே கல்லில் தடுக்கி, "நமக்கு இது வராது" என்று விட்டுவிடுகிறார்கள்.

குவில்ட் என்று கடைகளில் சொல்லும் இந்தப் போர்வைக்கு மூன்று பகுதிகள். துண்டுத்துணிகளை இணைத்துச் செய்த மேல்துணி, நடுவில் ஏதாவதொரு நிரப்பு, கீழே ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடித்து ஓடும் தையல்தான் அதைப் போர்வையாக்குகிறது. துண்டுகளை இணைப்பது ஒரு வேலை, அடுக்குகளைச் சேர்த்துத் தைப்பது வேறொரு வேலை. முதல் முயற்சியில் இந்த வேறுபாடே எனக்குத் தெளிவாகத் தெரியாது.

முதல் முயற்சி

நாத்தனார் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த வாரம் ஆசை வந்தது. 36 அங்குல அகலம், 42 அங்குல நீளம் என்று முடிவு செய்தேன். அந்த முடிவு மட்டும் சரி. கட்டில் அளவில் தொடங்கியிருந்தால் துணி நான்கு மடங்கு ஆகியிருக்கும், உழைப்பும் அப்படியே.

துணியின்மேல் உருட்டி வெட்டும் வட்டக்கத்தியும் அதற்கு அடியில் போடும் விரிப்பும் 1,100. பூப்போட்ட புதுப் பருத்தித்துணி நான்கு மீட்டர் 720. பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு இரண்டு மீட்டர் 500. பல வண்ண நூல்பெட்டி 320. அளவுகோல் 200. இவற்றில் அளவுகோலைத் தவிர எதுவும் அந்த நேரத்துக்குத் தேவைப்படவில்லை. வட்டக்கத்தி நல்ல கருவி, அதைக் குறை சொல்லமாட்டேன். ஐந்தாறு போர்வை தைத்தவருக்கு அது மணிக்கணக்கில் நேரத்தை மிச்சப்படுத்தும். முதல் போர்வைக்கு அதை வாங்குவது, கோலம் போடப் பழகுவதற்கு முன் வாசலுக்குக் கிரானைட் பதிப்பது போல.

தேர்ந்தெடுத்த வடிவம்தான் பெரிய பிழை. மூன்று அங்குலச் சதுரங்கள், அகலத்தில் 12, நீளத்தில் 14, மொத்தம் 168. பார்ப்பதற்கு அதைவிட எளிய வடிவம் இல்லை. சதுரம் வெட்டத் தெரியாதா, நேர்கோட்டில் தைக்கத் தெரியாதா என்றுதான் நினைத்தேன். ஆனால் சதுரங்களின் நான்கு முனைகளும் ஒரே புள்ளியில் கூடவேண்டும், அப்போதுதான் கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியும். நீளவாக்கில் 14 சதுரம் என்றால் 13 இணைப்புத் தையல். ஒரு தையலில் அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, கூடுதலாகப் பிடித்துவிட்டால் இரண்டு துண்டிலுமாகச் சேர்ந்து ஒரு நூல் குறைகிறது. 13 தையலில் 13 நூல், ஒன்றரை அங்குலத்துக்கும் மேல். ஒரு வரிசையில் கூடுதலாகவும் பக்கத்து வரிசையில் குறைவாகவும் பிடித்தால் இரண்டு வரிசைகளும் ஒன்றோடொன்று சேரவே சேராது. எனக்கு அதுதான் நடந்தது. ஆறு வரிசை தைத்து, மூன்றைப் பிரித்து, மறுபடி தைத்து, மறுபடி பிரித்ததில் துணியின் ஓரம் நூல்நூலாகப் பிரிந்து வந்தது. ஏழாவது வாரம் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் கட்டிவைத்தேன்.

அன்றைக்கு அத்தை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டே, "ஏம்மா, புதுத்துணியை வாங்கி எதுக்குத் துண்டு போட்ட? துண்டாக் கிடக்கறதைச் சேக்கத்தானே ஒட்டுப் போடுவாங்க?" என்று கேட்டார். எனக்கு இரண்டாவது முயற்சி அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது.

ஆற்று வளைவில் ஒரு ஊர்

அந்த நாட்களில் நான் தேடித்தேடிப் பார்த்தது அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் போர்வைகளை. அலபாமா ஆறு மூன்று பக்கமும் வளைத்து ஓடும் இடம் அது. பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பின மக்களின் ஊர். தோட்ட முதலாளியின் குடும்பப்பெயரான பெட்வே என்பதையே இன்றும் அங்கே பலர் தாங்கியிருக்கிறார்கள். 1932-இல் அவர்களுக்குக் கடன் கொடுத்துவந்த வியாபாரி இறந்தபின், கடனுக்கு ஈடாக வீட்டுத் தட்டுமுட்டு, கால்நடை, தானியம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனார்கள். அந்தக் குளிர்காலத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தின் உதவியில்தான் ஊர் உயிர்பிழைத்தது. 1937-இல் ஆர்தர் ராத்ஸ்டீன் எடுத்த புகைப்படங்களில் சுவர் இடுக்கில் காற்று நுழையாமலிருக்க நாளிதழ் ஒட்டிய மரவீடுகளைப் பார்க்கலாம்.

அந்த வீடுகளில் குளிரைத் தாங்கப் போர்வை வேண்டும், வாங்கக் காசில்லை. முழங்கால் தேய்ந்த வேலைக்கால்சட்டை, மாவுச் சாக்கு, கிழிந்த சட்டை என்று கிடைத்ததை எடுத்தார்கள். பருத்தியிலிருந்து விதையைப் பிரிக்கும் ஆலையின் தரையிலிருந்து கூட்டிவந்த கழிவுப் பஞ்சைத் தடியால் அடித்து உள்ளே வைத்தார்கள். 1942-இல் மிசூரி பெட்வே என்பவர் இறந்துபோன தன் கணவரின் வேலையுடுப்புகளையே பிரித்து ஒரு போர்வை தைத்தார், அவர் நினைவாகப் போர்த்திக்கொள்வதற்காக. நீலம் வெளுத்த அந்தக் கால்சட்டைத் துணியில், மடிப்பு இருந்த இடம் மட்டும் அடர்நீலமாக நிற்கும். 1966-இல் அந்த வட்டாரப் பெண்கள் சேர்ந்து போர்வைக் கூட்டுறவு ஒன்று தொடங்கினார்கள். 1972-இல் சியர்ஸ் என்ற பெரிய கடை நிறுவனத்துக்குக் கார்டுராய் என்ற வரிமேடுள்ள கெட்டித்துணியில் தலையணை உறை தைத்துக் கொடுக்கும் வேலை வந்தபோது, மிஞ்சிய கார்டுராய் துண்டுகள் வீட்டுப் போர்வைகளில் இடம்பிடித்தன. 2002-இல் ஹூஸ்டன் கலை அருங்காட்சியகத்தில் இவை காட்சிக்கு வந்தன, அடுத்து நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்துக்குச் சென்றன. 2006-இல் அமெரிக்க அஞ்சல்துறை பத்துப் போர்வைகளைத் தபால்தலையாக்கியது.

அவற்றின் அழகைப் பற்றிப் பெரியவர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். என் கண் போனது தையல் முறைக்கு. அந்த ஊரில் அதிகம் தைக்கப்படும் வடிவத்துக்குக் கூரைமுகடு என்று பொருள்படும் பெயர். நடுவில் ஒரு துண்டு. அதைச் சுற்றி நான்கு பக்கமும் கீற்று. அதைச் சுற்றி மறுபடி கீற்று. மதுரைக்காரிக்கு அதில் கூரை தெரியவில்லை, வண்டியூர்த் தெப்பக்குளம் தெரிந்தது. தண்ணீர் இல்லாத கோடையில் மேலிருந்து பார்த்தால் நடுமண்டபமும் சுற்றிலும் இறங்கும் படிகளும் எப்படி இருக்குமோ அப்படி.

இந்த வடிவத்தில் எந்த இரண்டு முனையும் ஒரே புள்ளியில் சந்திக்கவேண்டிய கட்டாயமில்லை. ஒவ்வொரு சுற்றையும் அதுவரை தைத்ததை அளந்துதான் வெட்டுகிறோம். முந்தைய சுற்றில் இரண்டு நூல் பிசகியிருந்தால் அடுத்த கீற்று அதை உள்வாங்கிக்கொள்ளும், பிசகு சேர்ந்துகொண்டே போகாது. கருவி இல்லாதவர்கள், துணி சீராக இல்லாதவர்கள், இரவில் மங்கிய விளக்கில் தைப்பவர்கள் கையில் இந்த வடிவம் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

துணி தேடல்

இரண்டாம் முறை கடைக்குப் போகவில்லை. அத்தையின் இரண்டு பழைய சுங்குடிப் புடவைகள், வாயில் (voile) என்ற மெல்லிய பருத்தித்துணிப் புடவை ஒன்று, மாமாவின் எட்டுமுழ வேட்டிகள் இரண்டு, என் கணவரின் காலர் கிழிந்த சட்டைகள் மூன்று. மாமா காலமாகி இரண்டு வருடமாகிறது. வேட்டிகளை எடுக்கலாமா என்று கேட்கத் தயங்கினேன். அத்தையே மடித்துக் கொண்டுவந்து, "தாத்தா வேட்டியில பேத்தி படுக்கட்டும்" என்று கையில் கொடுத்தார். எங்கள் பக்கம் பிறந்த குழந்தைக்கு முதலில் பழைய வேட்டித்துணியைத்தான் சுற்றுவோம். அதைவிட மிருதுவான துணி எந்தக் கடையிலும் விலைக்குக் கிடையாது.

தெருமுனைத் தையற்கடையில் ஜாக்கெட் வெட்டி மிஞ்சும் பிட்டுகளைக் கேட்டேன். ஒரு பை நிறையத் தந்தார்கள், டீ செலவுக்கென்று 50 ரூபாய் வைத்துவிட்டு வந்தேன். அந்தப் பையில் பாதிக்கும்மேல் எனக்கு உதவவில்லை, காரணத்தைச் சொல்லவேண்டும். பிட்டுகளில் பருத்தி, பாலியஸ்டர், பட்டுக்கலப்பு எல்லாம் கலந்திருக்கும். தொட்டுப் பார்த்து எல்லாவற்றையும் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொன்றிலும் நான்கைந்து இழை உருவி, இடுக்கியில் பிடித்து, ஸ்டீல் தட்டுக்கு மேல் தீக்குச்சி காட்டினேன். பருத்தி காகிதம்போல எரிந்து, காகித வாசனையோடு மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நின்றுவிடும். மணியானதையெல்லாம் ஒதுக்கினேன். பாலியஸ்டர் கெட்ட துணி அல்ல. பருத்தியோடு ஒரே போர்வையில் சேர்த்தால் இஸ்திரியில் ஒன்று சுருங்கி மற்றது நிற்கும், தைக்கும்போதும் வழுக்கும். பழைய பனியன் துணியையும் இதே போல விட்டுவிட்டேன். பின்னல் துணி இழுத்த பக்கமெல்லாம் போகும், அதை அடக்கித் தைக்கும் பக்குவம் முதல் போர்வையில் வராது.

பிறகு வலிமைச் சோதனை. இதை அத்தையிடம்தான் கற்றேன். துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். நூல் சன்னமாகித் தேய்ந்த இடம் சல்லடைபோலத் தெரிந்தது. பிறகு இரண்டு கட்டைவிரலையும் ஒட்டிவைத்துத் துணியைப் பக்கவாட்டில் இழுத்தார்.

"இது தாங்குமா அத்தை?"

"சத்தம் கேக்குதா பாரு. சர்ருனு ஒரு சத்தம் வந்தா மேல வைக்காத. உள்ள போடு."

உள்ளே போடு என்றால் நிரப்பாக வை என்று பொருள். நைந்த துணிக்கும் ஒட்டுப்போர்வையில் வேலை உண்டு. இழுபடாத, உராயாத இடத்தில் அது பல வருடம் இருக்கும். புடவையில் தேய்ந்திருப்பது பெரும்பாலும் பாதத்தை ஒட்டிய கீழ்ப்பகுதி. இடுப்பில் செருகும் உள்முனை வெயிலே படாதது, நிறமும் மங்காமல் அப்படியே இருக்கும். சுங்குடியின் அந்த முனையிலிருந்துதான் நடுத்துண்டை எடுத்தேன்.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பார்கள். ஒட்டுப்போர்வையில் அந்தக் கசக்குதல் தைப்பதற்கு முன்னால் நடக்கவேண்டும். பழைய துணி சுருங்கவேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்தது. தையற்கடைப் பிட்டுகளோ கஞ்சி போகாத புதுத்துணி. இரண்டையும் அப்படியே சேர்த்துத் தைத்தால் முதல் துவைப்பில் புதுசு மட்டும் சுருங்கி, பக்கத்துத் துணியைப் பிடித்திழுக்கும். எல்லாவற்றையும் வெந்நீரில் ஊறவைத்து, அலசி, வெயிலில் காயப்போட்டேன். சாயம் போகிறதா என்று பார்க்க, நனைந்த துண்டை வெள்ளைக் கைக்குட்டைக்குள் வைத்து இஸ்திரிப்பெட்டியால் அழுத்தினேன். அத்தையின் சிவப்புச் சுங்குடி ஒரு துளி நிறம் விடவில்லை. அழகான அரக்குநிறப் பிட்டு ஒன்று கைக்குட்டையை ரோஜாநிறமாக்கியது. மனசில்லாமல்தான் எடுத்துவைத்தேன். குழந்தை வாயில் வைக்கும் துணி.

அளவுக் கணக்கு

நடுத்துண்டு தைத்து முடிந்தபின் 6-க்கு 12 அங்குலம். சுற்றிலும் மூன்று அங்குலக் கீற்றுகள், ஐந்து சுற்று. ஒவ்வொரு சுற்றும் நீளத்திலும் அகலத்திலும் ஆறு அங்குலம் கூட்டும். ஐந்து சுற்றில் 30 கூடி, 36-க்கு 42 வந்துவிடும். மொத்தம் 20 கீற்று. 168 சதுரத்தோடு போராடிய கைக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

ஒட்டுவேலையில் தையலுக்கு விடும் துணி கால் அங்குலம் என்பதுதான் பொதுவழக்கு. நெருக்கமாக நெய்த புதுத்துணிக்கு அது சரி. பழைய துணியில் ஓரம் பிரியும், அதனால் அரை அங்குலம் விட்டேன். ஆக, கீற்றின் அகலம் நான்கு அங்குலம், நடுத்துண்டு 7-க்கு 13.

கத்தரிக்கோலால் வெட்டியது ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு மட்டுமே, அதன்பிறகு கையால் கிழித்தேன். பருத்தித்துணி தன் இழையோடு நேராகக் கிழியும், எந்தக் கத்தியும் தராத நேர்கோடு அது. தையற்கடைக்காரர்கள் லைனிங் துணியை டர்ரென்று கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓரம் கொஞ்சம் நெளியும், இஸ்திரி போட்டால் அடங்கிவிடும். புடவையின் அகலம் 46 அங்குலம் இருந்ததால் குறுக்கே கிழித்த கீற்று எந்தப் பக்கத்துக்கும் ஒட்டுப்போடாமல் போதுமானதாக இருந்தது. பிட்டுகளை மட்டும் முனையோடு முனை இணைத்து நீளமாக்கி, இரண்டாம் சுற்றிலும் நான்காம் சுற்றிலும் வைத்தேன். நடுத்துண்டுக்கு அட்டை அச்சு வேண்டியிருந்தது. பழைய கல்யாணப் பத்திரிகைகளை ஒட்டிச் செய்துகொண்டேன், கெட்டியான அட்டை, ஓரம் துல்லியம். கோடுபோடத் தேய்ந்த சோப்புத் துண்டு. துவைத்தால் தானே போய்விடும்.

மூன்றாம் சுற்றில் ஒரு தவறு செய்தேன். அவசரத்தில் கீற்றை அளக்காமல், நீளமாகவே வைத்துத் தைத்துக்கொண்டே போய், மிஞ்சியதைக் கடைசியில் வெட்டினேன். மிஷினின் பல்வரிசை கீழ்த்துணியை மேல்துணியைவிட வேகமாக இழுக்கும், கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பக்கம் கூடுதலாகத் துணி ஏறும். தைத்து முடித்துத் தரையில் விரித்தபோது ஓரம் அப்பளம் பொரித்த மாதிரி அலையடித்தது. பிரித்தேன். சரியான முறை இது: இதுவரை தைத்ததை நடுவில் வைத்து அளக்கவேண்டும், ஓரத்தில் அளக்கக்கூடாது, ஏனென்றால் ஓரம் ஏற்கெனவே இழுபட்டிருக்கலாம். அந்த அளவுக்குக் கீற்றை வெட்டி, இரு முனையையும் நடுவையும் முதலில் குண்டூசியால் பிடித்து, பிறகே தைக்கவேண்டும். நான்காம் ஐந்தாம் சுற்றுகள் பாய்போலத் தட்டையாகப் படுத்தன.

ஒவ்வொரு தையலும் முடிந்ததும் இஸ்திரி போட்டேன். தேய்க்காமல், வைத்து எடுத்து வைத்து எடுத்து. தேய்த்தால் துணி நீளும்.

உள்ளே என்ன வைப்பது

பணம் மிச்சமானதும் போர்வை நன்றாக வந்ததும் இந்த ஓரிடத்தில்தான் என்று சொல்வேன். முதல் முயற்சிக்கு வாங்கிய பாலியஸ்டர் விரிப்பு வீட்டிலேயே இருந்தது. இருந்தும் அதை வைக்கவில்லை. மதுரை வெயிலுக்கும் திருநெல்வேலி வெயிலுக்கும் அது உடம்பைப் புழுங்கவைக்கும். இலவம்பஞ்சை நினைத்துப் பார்த்தேன். தலையணைக்கு அருமையானது, ஆனால் போர்வைக்குள் ஓரிடத்தில் நிற்காது. அடித்த பருத்திப்பஞ்சும் மிக நெருக்கமாகத் தைத்தால் ஒழிய, துவைக்கத் துவைக்க உருண்டு மூலையில் சேர்ந்துவிடும்.

எட்டுமுழ வேட்டி ஒன்றை மூன்றாக வெட்டினால் ஒவ்வொன்றும் 47-க்கு 50 அங்குலம் வரும். அதில் இரண்டு அடுக்கு உள்ளே. வாயில் புடவையின் ஒரு பகுதி கீழே. மேல்துணியோடு சேர்த்து நான்கு அடுக்கு, எல்லாம் பருத்தி. துணியை நிரப்பாக வைத்தால் அது உருளாது, நகராது. தையல் வரிகள் கொஞ்சம் தள்ளித்தள்ளி இருந்தாலும் பரவாயில்லை. ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும்.

அடுக்குகளைச் சேர்ப்பதற்கு முன் தற்காலிகத் தையல் போடவேண்டும், பெரும்பாலானோர் தாவிப்போகும் வேலை அது. கூடத்து மொசைக் தரையில் கீழ்த்துணியை நல்லபக்கம் தரையைப் பார்க்க விரித்து, சுருக்கம் நீங்கும் அளவுக்கு இழுத்து, காகித டேப்பால் நான்கு பக்கமும் ஒட்டினேன். அதிகம் இழுத்தால் டேப்பை எடுத்ததும் சுருங்கிக்கொள்ளும். தரைக்கட்டங்களின் கோட்டை வைத்து மூலைகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டேன். வேட்டி அடுக்குகள், மேல்துணி. நடுவிலிருந்து வெளியே உள்ளங்கையால் நீவி, நடுவிலிருந்தே தொடங்கி, நான்கு விரற்கடைக்கு ஒரு வரியாக இரண்டு அங்குல நீளத் தையல்கள். முழங்கால் வலித்தது. இரண்டு மணி நேரம். இந்த இரண்டு மணி நேரத்தைக் கொடுக்காவிட்டால் பின்பக்கம் சுருக்கம் விழும், விழுந்தபின் எதுவும் செய்யமுடியாது.

கைத்தையல்

மிஷினில் நான்கு அடுக்கைத் தைத்தால் மேலடுக்கு நகரும் என்று மூன்றாம் சுற்றிலேயே தெரிந்துவிட்டதால் போர்வைத் தையல் முழுவதும் கையால். ஒவ்வொரு கீற்றின் நடுவிலும், இணைப்புக் கோட்டை ஒட்டியும் ஓட்டுத் தையல். வரிக்கு வரி ஒன்றரை அங்குல இடைவெளி. வெள்ளைப் பருத்தி நூல். நைந்த துணியில் பாலியஸ்டர் நூலைவிடப் பருத்தி நூலே நல்லது. இழுபடும்போது துணி அறுபடுவதற்குப் பதில் நூல் அறுந்தால், நூலை மாற்றிக்கொள்ளலாம்.

நான் சோம்பலில் நூலை நீளமாகக் கோப்பேன். ஊசியில் நூலை மாற்றும் வேலை குறையும் என்ற எண்ணம். அத்தை என் கையிலிருந்து வாங்கி, முழங்கையிலிருந்து விரல்நுனி வரை அளந்து அறுத்தார். "முழத்துக்கு மேல போனா சிக்கும். சிக்கு எடுக்கற நேரத்துல ரெண்டு வரி தைச்சிரலாம்." அதன்பின் ஒரு முடிச்சுகூடச் சிக்கவில்லை. மெழுகுவர்த்தியில் ஒருமுறை நூலை இழுத்துவிட்டதும் உதவியது.

தொடக்க முடிச்சைப் பின்பக்கம் விடாமல் உள்ளே ஒளித்தேன். தைக்கவேண்டிய இடத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி மேல்துணியில் மட்டும் ஊசியை நுழைத்து, தொடங்கும் இடத்தில் வெளியே எடுத்து, லேசாகச் சுண்டினால் முடிச்சு மேல்துணியைத் தாண்டி உள்ளே போய் உட்காரும். குழந்தையின் விரலில் சிக்க எதுவும் வெளியே இல்லை.

முதல் வரிகள் அங்குலத்துக்கு மூன்று தையலாக வந்தன. இரண்டாம் வாரம் ஐந்து. சிறியதாகத் தைக்கவேண்டும் என்று மனதைக் கஷ்டப்படுத்திக்கொள்ள வேண்டாம், எல்லாம் ஒரே அளவாக இருந்தால் போதும். ஜீஸ் பெண்டின் பல போர்வைகளில் தையல் பெரிதாகத்தான் தெரிகிறது, எத்தனையோ குளிரைத் தாண்டியிருக்கின்றன. இரவு ஒன்பதுக்குமேல் ஒரு மணி நேரம் என்று 24 நாள் போனது.

ஓரத்துக்குத் தனித்துணி வாங்கவில்லை. கீழ்த்துணியை நான்கு பக்கமும் ஒன்றரை அங்குலம் அதிகமாக விட்டிருந்தேன். அதைப் பாதியாக மடித்து, மறுபடி மடித்து மேல்துணியின்மேல் கொண்டுவந்து ஹெம்மிங் செய்தேன். பைப்பிங் துணிக்கான செலவும் வேலையும் இல்லை.

மிஷினே இல்லாதவர்களுக்கு வேறொரு வழி உண்டு. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியால், முண்டகோடு வட்டாரங்களில் வாழும் சித்தி மக்கள், போர்த்துக்கீசியர் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அவர்களின் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற போர்வையில் துண்டுகளைத் தனியே இணைப்பதே இல்லை. ஒரு பழைய புடவையைக் கீழே விரித்து, ஓரத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு துண்டின் விளிம்பையும் உள்ளே மடித்து வைத்து, எல்லா அடுக்கையும் சேர்த்தே ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டு நடுவை நோக்கி வருவார்கள். இணைப்பதும் போர்வைத் தையலும் ஒரே வேலையாக முடிந்துவிடுகிறது. கடைசியில் நான்கு முனையிலும் மடித்த துணியால் ஓர் அலங்காரம், அதைப் பூ என்றே சொல்கிறார்கள். ஊசி, நூல், கத்தரிக்கோல் தவிர எதுவும் வேண்டாம். என்னிடம் மிஷின் இல்லாதிருந்தால் இதைத்தான் முதலில் தைத்திருப்பேன்.

முடிந்தபின்

செலவு: பிட்டுக்கு 50, நூல்கண்டுகள் 105, ஊசியும் குண்டூசியும் 45, காகித டேப் 65. நேரம்: துவைத்து, தேர்ந்தெடுத்து, கிழிக்க மூன்று மணி, இணைக்கவும் பிரிக்கவும் ஐந்து, தற்காலிகத் தையல் இரண்டு, கைத்தையல் 24, ஓரம் நான்கு. 38 மணி நேரம். இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பணம் குறைந்த இடத்தில் நேரம் போகும், அந்த நேரம் நம்மிடம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தொடங்கவேண்டும்.

நாத்தனாரிடம் கொடுக்கும்போது ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். தூங்கும் குழந்தைக்கு ஒரு வயது முடியும்வரை இதைப் போர்த்தவேண்டாம், தளர்வான போர்வை முகத்தில் ஏறினால் மூச்சு முட்டும் ஆபத்து. விழித்திருக்கும்போது, பக்கத்தில் ஆள் இருக்கும்போது, தரையில் விரித்து விளையாடவிட மட்டும்.

வாரம் இரண்டு துவைப்பு. ஐந்தாம் மாதம் போனில் படம் அனுப்பினாள். கடைசிச் சுற்றில் ஒரு கீற்று ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. எந்தக் கீற்று என்று பார்த்த உடனே தெரிந்தது. மாமாவின் இரண்டாவது வேட்டி. சோதனையில் சர்ரென்று சத்தம் வந்த துணி. உள்ளே போடு என்று அத்தை சொல்லியும், அது வெளியே தெரியவேண்டும் என்ற ஆசையில் நான் மேலே வைத்தது. உள்ளே வைத்த வேட்டி அடுக்குகளில் ஓர் இழைகூடப் பிரியவில்லை.

அத்தையிடம் படத்தைக் காட்டினேன். மிச்சமிருந்த சிவப்புச் சுங்குடியிலிருந்து இரண்டு சாண் கிழித்து, அழுத்திப் பார்த்து, தபால் உறையில் வைத்து, கூடவே நூல்கோத்த ஊசியையும் ஒரு காகிதத்தில் குத்தி வைத்தார். போனில் நாத்தனாரிடம், "கிழிஞ்சதை வெட்டி எடுத்துராத. அது மேலேயே வச்சு, ஓரத்தை உள்ள மடிச்சு, எல்லாத்தையும் சேத்து ஓட்டு. தாத்தா வேட்டி உள்ளேயே இருக்கட்டும்" என்றார்.

நாத்தனார் அதுவரை பட்டன்கூடத் தைத்ததில்லை. மறுவாரம் வந்த படத்தில் சிவப்புத் துண்டு கொஞ்சம் கோணலாக உட்கார்ந்திருந்தது. தையல்களை எண்ணிப் பார்த்தேன். அங்குலத்துக்கு மூன்று.